பிடித்த காசு பெயரில் சேர்ந்ததா?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். சங்கத்தின் காரியதரிசி மாதந்தோறும் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து ஒரு தொகையைப் பிடித்து, அதனோடு சங்கத்தின் பங்கையும் சேர்த்து, அரசாங்கம் வகுத்த நிதியில் கட்டுகிறார். கட்டிய பணம் பெரிய ஆறு ஒன்றிலே கலந்துவிடுகிறது. அளந்து போட்டோமா, போட்டது உரியவர் பெயரில் சேர்ந்ததா என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்தறிவது சங்கத்தின் கடமை. அக்கடமையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற முற்படுகிறோம்.

கணக்கர் செய்ய வேண்டிய வேலையை அங்கத்தினர்களிடம் ஏன் கூற வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். தனியார் ஆலையில் முதலாளி ஒருவர் இருப்பார். கூட்டுறவுச் சங்கத்திலோ அங்கத்தினர் யாவரும் சேர்ந்தே முதலாளி. தறியிலே பாவு பூட்டும் நெசவாளரும், தோட்டத்திலே வாழையும் திராட்சையும் வைத்திருக்கும் விவசாயியும், தம் சங்கத்தின் எழுத்தருக்கும் காவலருக்கும் ஊதியம் கொடுக்கும் எஜமானர்களே. ஊழியரின் பணம் தவறினால் பழியும், அதற்கான வட்டியும் தண்டமும், கடைசியில் அங்கத்தினரின் இலாபப் பங்கிலேதான் வந்து விழும்.

யாருக்குப் பொருந்தும்?

பிராவிடண்ட் பண்டு என்று பலரும் வழங்கும் வருங்கால வைப்பு நிதிக்கான சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அது ஆறு தொழில்களுக்கு மட்டும் பொருந்தியது. அவற்றுள் ஜவுளித் தொழிலும் ஒன்று. அந்நாளில் தொழிலாளியின் பங்கு 6¼ சதவிகிதம். முதலாளியின் பங்கும் அவ்வளவே. பின்னாளில் அது படிப்படியாக உயர்ந்து, இன்று பெரும்பாலான நிறுவனங்களில் இருபுறமும் 12 சதவிகிதமாக நிற்கிறது.

அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு சலுகை அளித்தது. ஐம்பது பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்து, இயந்திர சக்தியின் துணையின்றித் தொழில் நடத்தும் சங்கத்துக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே ஆண்டிபட்டி வட்டாரத்துச் சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் உள்ளவை போன்ற நெசவு ஊர்களில், இரண்டு மூன்று ஊழியரை மட்டும் வைத்து நடக்கும் கைத்தறிச் சங்கத்தின் நிலை வேறு. அதே ஆண்டிபட்டியில் இயந்திர சக்தியைக் கொண்டு ஓடும் கூட்டுறவு நூற்பாலையின் நிலை வேறு. 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் நிலையைப் புதிதாக ஒரு முறை உறுதி செய்துகொள்வது நலம்.

சிறிய சங்கம், நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று யாரும் இருந்துவிட வேண்டாம். நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், கூலியில் ரூபாய்க்கு எட்டுக் காசு அங்கத்தினரிடமிருந்து பிடிக்கப்படுகிறது. அரசாங்கம் தன் பங்காக நான்கு காசு சேர்க்கிறது. இதுவும் உழைப்பவன் கூலியிலிருந்து பிடித்துப் பிறிதோரிடத்தில் கட்டும் பணமே. இனி நாம் கூறப்போகும் முறை இதற்கும் அப்படியே பொருந்தும்.

ஆண்டறிக்கை: அன்றும் இன்றும்

முன்னாளில் வருங்கால வைப்பு நிதிக்கு ஆண்டறிக்கை என்று தனியே ஒன்று இருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய பன்னிரண்டு மாதச் சம்பளத்தையும் பங்குத் தொகையையும் காட்டும் 3ஏ படிவம் எழுதப்படும். அவை அனைத்தையும் திரட்டி 6ஏ என்னும் மொத்தப் பட்டியல் தயாராகும். ஏப்ரல் மாத முடிவுக்குள் இவை நிதி அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். பட்டியலின் மொத்தமும், வங்கியில் கட்டிய சலான்களின் மொத்தமும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிடில் தொழிலாளியின் கணக்கில் வரவு ஏறுவது தடைப்படும். அந்நாளைய கணக்கர்கள் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் இரவில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்தது இதற்காகத்தான்.

2012 ஏப்ரல் முதல் மின்னணு முறையில் மாத அறிக்கையும் சலானும் ஒன்றாக இணைக்கப்பட்டன. எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு என்பதை மாதந்தோறும் பெயர்வாரியாகக் காட்டும் அறிக்கையிலிருந்தே சலான் பிறக்கிறது. 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பன்னிரண்டு இலக்கங்கொண்ட பொதுக் கணக்கு எண் அளிக்கப்பட்டு வருகிறது. ஆகவே பழைய ஆண்டறிக்கை மறைந்தது.

ஆண்டறிக்கை மறைந்ததோடு ஆண்டு இறுதியில் ஒத்துப் பார்க்கும் பழக்கமும் பல சங்கங்களில் மறைந்துவிட்டது. இதைத் தணிக்கைக்குச் செல்லும்போதெல்லாம் காண்கிறோம். அறிக்கையும் சலானும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதால் அவை இரண்டும் எப்போதும் ஒத்தே இருக்கும். அதைக் கண்டு கணக்கர் நிம்மதி அடைந்துவிடுகிறார். ஆனால் சம்பளப் பட்டியல் என்னும் மூன்றாவது ஏடு ஒன்று இருக்கிறது. ஊழியர் கையெழுத்திட்டுப் பணம் பெற்றதும், அவர் கூலியிலிருந்து இவ்வளவு பிடித்தோம் என்று சங்கம் எழுதி வைத்ததும் அதிலேதான். அந்த ஏட்டோடு ஒத்துப் பார்க்காத வரையில், மற்ற இரண்டும் தமக்குள் ஒத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை.

மார்ச்சு மாதத்துச் சிக்கல்

ஆண்டுக் கணக்கை ஒத்துப் பார்க்கத் தொடங்குவோர் முதலில் இடறி விழும் இடம் மார்ச்சு மாதம். ஒரு மாதத்துச் சம்பளத்துக்குரிய பங்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். எனவே மார்ச்சு மாதச் சம்பளத்துக்குரிய தொகை ஏப்ரலில்தான் கட்டப்படும். சங்கத்தின் கணக்காண்டோ மார்ச்சு 31ஆம் தேதி முடிந்துவிடுகிறது.

ஒரு கற்பனைச் சங்கத்தை வைத்து இதைப் பார்ப்போம். அதன் ஊழியர் அனைவருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 3,00,000 ரூபாய் என்க. ஊழியர் பங்கு 12 சதவிகிதம், 36,000 ரூபாய். சங்கத்தின் பங்கும் 36,000 ரூபாய். இன்சூரன்ஸ் திட்டத்துக்கு அரை சதவிகிதம், 1,500 ரூபாய். நிர்வாகக் கட்டணம் அரை சதவிகிதம், 1,500 ரூபாய். ஆக மாதம் 75,000 ரூபாய்; ஆண்டுக்கு 9,00,000 ரூபாய். சென்ற ஆண்டில் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்ததால், அவ்வாண்டு மார்ச்சு மாதத்துக்குரிய தொகை 70,000 ரூபாய்; அது இவ்வாண்டு ஏப்ரலில் கட்டப்பட்டது.

இப்போது ரொக்கப் புத்தகத்தைப் பார்த்தால், ஏப்ரல் முதல் மார்ச்சு வரை கட்டிய தொகை 70,000 ரூபாயும், பதினொரு முறை 75,000 ரூபாயும் சேர்ந்து, 8,95,000 ரூபாய். சம்பளப் பட்டியலின்படி வர வேண்டியது 9,00,000 ரூபாய். 5,000 ரூபாய் வித்தியாசம் கண்டு காரியதரிசி திகைக்கிறார். இங்கே தவறு ஏதும் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் கட்ட வேண்டியிருந்த பாக்கி 70,000, இவ்வாண்டுக்குரியது 9,00,000, இரண்டும் சேர்ந்து 9,70,000. அதில் கட்டியது 8,95,000 போக மீதி 75,000. இந்த ஆண்டு மார்ச்சு மாதச் சம்பளத்துக்குரிய தொகையும் அதுவே. ஐந்தொகையில் கட்ட வேண்டிய பாக்கியாக 75,000 ரூபாய் நின்றால் கணக்கு சரி. வேறு தொகை நின்றால் எங்கோ பிசகு இருக்கிறது என்று பொருள்.

தொடக்கப் பாக்கி, ஆண்டுக்குரிய தொகை, கட்டிய தொகை, இறுதிப் பாக்கி என்னும் இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிவிட்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

மொத்தம் சரி, பெயர் தவறு

மீதிப் பாதிதான் முக்கியமானது. கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது. 1895இல் பெரியாற்று அணை கட்டி முடிந்த காலந்தொட்டு, தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாட்டை இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சையை உழுவோர் நன்கறிவர். அணையிலே திறந்த நீர் இவ்வளவு என்று பொதுப்பணித் துறையின் ஏடு சரியாகவே காட்டும். ஆயினும் நடுவிலே ஒரு மடை அடைபட்டால் கடைமடைக்காரன் வயல் காயும். பக்கத்து வயலில் நீர் மிஞ்சி நிற்கும். திறந்த அளவு சரி என்பதால் காய்ந்த வயல் விளைந்துவிடாது.

சங்கத்தில் ஒரே பெயருடைய இருவர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய சம்பளம் 14,000 ரூபாய். அவரிடம் பிடிப்பது 1,680 ரூபாய். மற்றவர் சம்பளம் 11,000 ரூபாய். அவரிடம் பிடிப்பது 1,320 ரூபாய். அறிக்கை எழுதும்போது இருவருடைய கணக்கு எண்களும் இடம் மாறிவிட்டன. மொத்தம் 3,000 ரூபாய்தான். சலானும் 3,000 ரூபாய்தான். பேரேடும் அதையே காட்டும். எந்தக் கூட்டலிலும் பிழை தெரியாது. ஆனால் மூத்த ஊழியருக்கு அவர் பங்கில் மாதம் 360 ரூபாயும், சங்கத்தின் பங்கில் 360 ரூபாயும் ஆக 720 ரூபாய் குறைகிறது. ஓர் ஆண்டில் இது 8,640 ரூபாய். நிதியின் வட்டி மாத இருப்பின்மேல் கணக்கிடப்படுவதால், ஆண்டுகள் ஏற ஏற இழப்பும் ஏறும்.

இழப்பு பணத்தோடு நிற்பதும் இல்லை. சங்கம் கட்டும் 12 சதவிகிதத்தில் 8.33 சதவிகிதம் 1995இல் ஏற்பட்ட ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. சம்பளம் 15,000 ரூபாயை எட்டும்போது இப்பங்கு மாதம் 1,250 ரூபாயோடு நின்றுவிடும். இந்த வரம்பு 2014 செப்டம்பர் முதல் ஏற்பட்டது. மாத ஓய்வூதியம் பெறப் பொதுவாகப் பத்தாண்டுப் பணி வேண்டும். சில மாதங்கள் ஒருவருடைய பெயர் அறிக்கையில் விடுபட்டிருந்தால், அந்த மாதங்களில் அவர் வேலை செய்தார் என்பதற்கே நிதி அலுவலகத்தில் அடையாளம் இராது. ஊழியர் பணியில் இருக்கும்போதே காலமாகிவிட்டால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இன்சூரன்ஸ் தொகையும் அவருடைய கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைப் பற்றியே அளக்கப்படுகிறது. கணவனை இழந்து நிற்கும் ஒரு பெண்மணி, சங்கத்து வாயிலுக்கும் மதுரையிலுள்ள அலுவலகத்துக்கும் நடக்கும் நடை, யாரோ ஒருவர் ஒத்துப் பார்க்காமல் விட்ட ஒரு வரியினால் நேரக்கூடும்.

ஆகவே மொத்தத்தோடு மொத்தத்தை ஒத்துப் பார்த்தபின், பெயரோடு பெயரை ஒத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு வரி. அதில் பன்னிரண்டு மாதச் சம்பளம், சம்பளப் பட்டியலில் பிடித்தது, அறிக்கையில் காட்டியது, வித்தியாசம். பிறகு அந்த வரியை அவரவர் பாஸ் புத்தகத்தோடு சரிபார்க்க வேண்டும். பாஸ் புத்தகத்தை இப்போது ஊழியரே கைப்பேசியில் பார்க்கலாம். ஊழியரை அருகில் அமர்த்தி வைத்துக்கொண்டு இதைச் செய்யும் சங்கம் ஏமாறுவது அரிது. தன் பணத்தைத் தானே எண்ணுபவன் கண்ணுக்குத் தப்புவது எது?

வித்தியாசத்தைத் தேடும் முறை

வித்தியாசம் ஒன்று தென்பட்டால், எல்லா ஏடுகளையும் முதலிலிருந்து கூட்டிப் பார்ப்பது வீண் உழைப்பு. வித்தியாசத் தொகையே பெரும்பாலும் தன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும்.

முதலாவது, அத்தொகை எந்த ஊழியருடைய ஒரு மாதப் பங்குக்காவது சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊழியர் பங்கில் பிடித்தது 4,32,000 ரூபாய், அறிக்கையில் 4,30,320 ரூபாய் என்றால் வித்தியாசம் 1,680. அது 14,000 ரூபாய்ச் சம்பளக்காரரின் ஒரு மாதப் பங்கு. ஏதோ ஒரு மாத அறிக்கையில் அவர் பெயர் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அவர் விடுப்பிலிருந்து திரும்பிய மாதமாகவோ, புதிதாகச் சேர்ந்த மாதமாகவோ அது இருக்கும்.

இரண்டாவது, வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது பழைய கணக்கர்களின் விதி. 1,680 என்பதை 1,860 என்று எழுதினால் வித்தியாசம் 180. அது 9ஆல் சரியாக வகுபடும்.

மூன்றாவது, வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதித் தொகை ஏட்டில் எங்கேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும். வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தோன்றும்.

நான்காவது, தாமதத்துக்காகக் கட்டிய வட்டியும் தண்டமும் பங்குத் தொகைக் கணக்கிலேயே சேர்ந்து எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 1952ஆம் ஆண்டுச் சட்டம் தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவிகித வட்டி விதித்தது. 75,000 ரூபாயை முப்பது நாள் தாமதித்தால் வட்டி ஏறத்தாழ 740 ரூபாய். அதன்மேல் தண்டம் வேறு. 2024 ஜூன் முதல் தண்டம் மாதத்துக்கு ஒரு சதவிகிதம் என்று ஆக்கப்பட்டது. இவற்றைத் தனிக் கணக்கில் எழுத வேண்டும். இவை சங்கத்தின் செலவே. ஊழியர் சம்பளத்தில் இவற்றைப் பிடிப்பது முறையன்று. சங்கத்தின் பங்கையும் அவ்வாறு பிடிக்கலாகாது என்பது சட்டம்.

வருமான வரிப் பிடித்தம்

நம் வட்டாரத்துச் சங்கங்களில் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் பெறுவோர் சிலரே. எனினும் பெரிய சங்கங்களிலும் வங்கியிலும் இப்பிடித்தம் உண்டு. 2005ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பி வந்த அறிக்கை, அதன்பின் காலாண்டுக்கு ஒரு முறை என்று மாறிற்று. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இது 24க்யூ படிவம். முதல் மூன்று காலாண்டு அறிக்கைகள் அந்தந்தக் காலாண்டின் பிடித்தத்தைக் காட்ட, நான்காவது அறிக்கை ஊழியரின் முழு ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும். ஆக அந்நான்காம் அறிக்கையே ஆண்டறிக்கையின் வேலையைச் செய்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அதனால் பிரிவு எண்களும் படிவப் பெயர்களும் மாறலாம். ஒத்துப் பார்க்கும் தர்மம் மாறுவதில்லை.

இங்கே சலானை அடையாளம் காட்டுபவை நான்கு: வங்கிக் கிளையின் ஏழு இலக்க எண், கட்டிய தேதி, சலானின் வரிசை எண், தொகை. அறிக்கையில் எழுதியதும் வங்கி தெரிவித்ததும் இந்நான்கிலும் ஒத்தால்தான் பணம் ஊழியரின் நிரந்தரக் கணக்கு எண்ணில் வரவாகும். தேதியில் ஓர் இலக்கம் பிசகினாலும் கட்டிய பணம் ஆளின்றி நிற்கும். வரி கட்டிய ஊழியர் வரி கட்டாதவராகத் தோன்றுவார். அவரிடம் பிடித்த வரியை அவரிடமே மறுபடி கேட்கலாகாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு பாதுகாப்பு அளித்தது. ஆனால் அப்பாதுகாப்பைப் பெறச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியவர் ஊழியர்தாமே!

பிடித்த வரியைக் கட்டத் தவறினால் மாதத்துக்கு ஒன்றரை சதவிகித வட்டியும், அறிக்கை தாமதமானால் வரித் தொகைக்கு மேற்போகாமல் நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கட்டணமும் அச்சட்டத்தில் உண்டு. உள்ளாட்சி மன்றத்துக்கு அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் தொழில் வரியையும் இதே தாளில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொண்டால், சம்பளப் பிடித்தம் யாவும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

யாருடைய பணம்?

நூல் வாங்கப் பணம் போதவில்லை, ஜவுளி விற்ற பாக்கி வரவில்லை, அதுவரை பிடித்த பணத்தைச் சங்கத்தின் செலவுக்கு வைத்துக்கொள்வோம் என்று கருதும் நிர்வாகக் குழுக்கள் உண்டு. கெட்ட எண்ணம் ஏதுமின்றியே அவ்வாறு செய்கிறார்கள். சங்கம் வாழ்ந்தால்தானே ஊழியர் வாழ்வர் என்பது அவர்கள் வாதம். பண்டிகைக் கால விற்பனைப் பணம் கைக்கு வரும் வரை கைத்தறிச் சங்கங்கள் படும் பாட்டை நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும் அந்த வாதம் செல்லாது.

சம்பளத்திலிருந்து பிடித்த அக்கணமே அது சங்கத்தின் பணம் என்னும் நிலையை இழந்துவிடுகிறது. தொழிலாளியிடம் பிடித்த வைப்பு நிதிப் பங்கை முதலாளியிடம் நம்பி ஒப்படைத்த பொருளாகவே கருத வேண்டும் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவில் 1973இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 316ஆம் பிரிவில் அதையே கூறுகிறது. வருமான வரியிலும் இதன் எதிரொலி உண்டு. ஊழியரிடம் பிடித்த பங்கை உரிய தேதிக்குள் கட்டாவிடில், பிறகு கட்டினாலும் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று 2022 அக்டோபர் 12ஆம் தேதி செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலாளி தன் பங்காகத் தரும் பணம் வேறு, தொழிலாளியிடம் பிடித்து வைத்திருக்கும் பணம் வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஏலத்துக்கு வந்த ஒருவருடைய ஏலக்காய் மூட்டையை, என் சரக்கு இன்னும் விலை போகவில்லை என்று சொல்லி இன்னொருவர் எடுத்து விற்றுக்கொண்டால் போடிநாயக்கனூர்ச் சந்தை அதை ஒப்புமா? கூலியில் பிடித்த காசும் அத்தகையதே.

செய்ய வேண்டுவன

ஆண்டு இறுதியில் ஒரே மூச்சில் செய்தால் இவ்வேலை மலையாகத் தோன்றும். மாதந்தோறும் செய்தால் அரை மணி நேர வேலை. சலான் கட்டிய மறுநாள், சம்பளப் பட்டியல், அறிக்கை, சலான் மூன்றையும் அருகருகே வைத்து ஒரு வரி எழுதினால் போதும். சம்பள மாதம், மொத்தச் சம்பளம், பிடித்த தொகை, அறிக்கைத் தொகை, சலான் எண்ணும் தேதியும், வித்தியாசம், அதற்குரிய காரணம் என்பன அவ்வரியின் பத்திகள். பன்னிரண்டு வரிகள் சேர்ந்ததும் ஆண்டுக் கணக்கு தானே தயாராகிவிடும். அதன் அடியில் மார்ச்சுப் பாக்கிக்குரிய நான்கு எண்களை எழுதி, ஐந்தொகையோடு சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

சம்பளப் பட்டியல் எழுதுபவரே ஒத்துப் பார்ப்பவராகவும் இருத்தல் கூடாது. எழுதிய கை தன் பிழையைக் காணாது. சிறு சங்கமாயின், நிர்வாகக் குழுவில் எழுத்தறிந்த ஒருவர் அப்பொறுப்பை ஏற்கலாம். ஏப்ரல் மாதக் குழுக் கூட்டத்தில் அத்தாளைப் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். பிழை கண்டால் மறைக்காமல் உடனே திருத்த அறிக்கையோ விண்ணப்பமோ அனுப்ப வேண்டும். சம்பளப் பட்டியலும் சலானும் கையில் இருக்கும்போது திருத்தம் எளிது. பத்தாண்டு கழித்து, கணக்கர் மாறி, ஏடு செல்லரித்தபின் திருத்துவது அரிது.

அங்கத்தினர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பொதுப்பேரவையில் இலாபம் எவ்வளவு, பங்கு ஈவு எவ்வளவு என்று கேட்கிறோம். அதனோடு, ஊழியரிடமும் நெசவாளரிடமும் பிடித்த காசு முழுவதும் அவரவர் பெயரில் சேர்ந்ததா, ஒத்துப் பார்த்த தாள் எங்கே என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும். நெசவாளர் தம் பாஸ் புத்தகத்தைத் தாமே கேட்டு வாங்கி, தம் கூலிச் சீட்டோடு ரூபாய்க்கு எட்டுக் காசு வீதம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். எழுதப் படிக்க இயலாத மூத்தவர் இருந்தால், பள்ளியில் படிக்கும் பேரப் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு பார்க்கட்டும். பிள்ளைக்குக் கணக்கும் வரும், தாத்தாவுக்குக் காசும் வரும்.

பாவிலே ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்திவிட்டு அதைப் பிணைக்கிறார். நெய்து முடித்தபின் பார்ப்போம் என்று விடுவதில்லை. விட்டால் சேலை முழுதும் அந்தக் கோடு ஓடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கவனம் தறியிலிருந்து சங்கத்தின் மேசைக்கும் வர வேண்டும். வரும் ஏப்ரல் மாதத்துக்குள் நம் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு சங்கத்திலும் அந்த ஒரு தாள் எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.